ஜம்ஜம் கேனோடு வந்த பாட்டில்கள்

உத்திரமேரூர்
18-3-2002

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வெள்ளிக்கிழமை தவறாமல் போன் செய்கிறீர்கள். அதற்கு மேல் கடிதம் வேறு எழுதித் தொந்தரவு கொடுக்கிறேனே என்று தயக்கமாகத்தான் இருக்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஜவுளிக்கடை போனில் அம்மா பேசும்போது, துணி எடுக்க வந்தவர்கள்கூட விலை கேட்பதை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்கள். சில விஷயங்களை அங்கே சொல்ல முடியாது.

தௌஹீத் அண்ணன் லீவில் வந்தபோது நீங்கள் கொடுத்தனுப்பிய அட்டைப்பெட்டி வந்து சேர்ந்தது. பேரீச்சம்பழம், மக்கத்து ஜம்ஜம் தண்ணீர் கேன், நோனிப் பழச்சாறு பாட்டில்கள், எல்லாம் இருந்தன. வழியில் எங்கோ கேனின் மூடி தளர்ந்து, பாதித் தண்ணீர் பெட்டிக்குள்ளேயே கொட்டியிருந்தது. பாட்டில்கள் அதில் ஊறி, மேலே ஒட்டியிருந்த காகிதம் கூழாகக் கையோடு வந்தது. நான் துடைக்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துவிட்டார்.

“தொடைக்காதடி. ஜம்ஜம்ல குளிச்சிட்டு வந்து கீது. அப்டியே காயட்டும்.”

அன்றிலிருந்து அந்தச் சாற்றை ஜம்ஜம் குடிப்பதுபோலவே குடிக்கிறார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, மக்கா இருக்கிற கிப்லாத் திசையைப் பார்த்து நின்று, பிஸ்மில்லா சொல்லி, மூடியில் ஊற்றிக் குடிக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் ஆளுக்கு ஒரு மூடி உண்டு. நம் கடைக்குக் கொடுக்காப்புளி கொண்டுவருகிற அங்கம்மாளுக்கும் கொடுத்தார். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு, “இன்னா பாயம்மா இது, ஏரிக்கர நுணாப்பழம் அழுவுனா அடிக்குமே, அந்த நாத்தம் அடிக்கிது?” என்றாள்.

“வாய மூடு. மக்கத்துப் பக்கத்துலேர்ந்து எம்புள்ள அனுப்பிச்சது.”

“அப்டியா? அப்ப இன்னொரு மூடி ஊத்து.”

அத்தாவுக்குத்தான் வருத்தம். “நானுந்தான் பஸ் ஸ்டாண்டுல பழக்கடை வச்சிக்கினு கீறேன். என் கொய்யாவ ஒரு நாளாவது எழுந்து நின்னு துன்னுகிறாளா?” என்கிறார்.

இதையெல்லாம் நீங்கள் சிரிக்கத்தான் எழுதினேன். ஆனால் எழுத வந்தது வேறு. போன வாரம் எங்கள் லேபில் அம்மாவுக்கு நானே ரத்தம் எடுத்துப் பார்த்தேன். கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் முன்பைவிட ஏறியிருக்கிறது. சர்க்கரை நோய் அம்மாவின் கிட்னியைத் தேய்த்துவிட்டது என்று செங்கல்பட்டு டாக்டர் முன்பே சொல்லியிருந்தார் அல்லவா. வாழைப்பழம், இளநீர், பழச்சாறு வேண்டாம் என்றும் சொன்னார். அவற்றில் பொட்டாசியம் அதிகம். நல்ல கிட்னி அதை வெளியே தள்ளிவிடும். அம்மாவுடையது தள்ளாது.

இந்தச் சாற்றில் அது எவ்வளவு இருக்கிறதென்று பார்க்க என்னிடம் லேபிள் இல்லை. உங்கள் அறையில் வேறு பாட்டில் இருந்தால் படித்து எழுதுங்கள். பதிலை லேப் முகவரிக்கே அனுப்புங்கள். தாமோதரன் சார் பிரிக்காமல் என்னிடம் கொடுத்துவிடுவார்.

தங்கை,
ஷப்ரீன்

•

ஜித்தா
5-4-2002

அன்புத் தங்கை ஷப்ரீனுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று நினைத்தேன். பிரித்தால் பொட்டாசியம்!

பகாலா மளிகைக்கடையில் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு எழுதுகிறேன். ஆள் வந்தால் நிறுத்தி, போனால் எழுதுகிறேன். லேபிளைப் பார்த்தேன். பழத்தின் பேர், வைட்டமின் பேர், குலுக்கிக் குடிக்கவும் என்று இருக்கிறது. நீ கேட்டது இல்லை. இல்லையென்றால் இல்லை என்றுதானே அர்த்தம்?

நீ பயோகெமிஸ்ட்ரி படித்தவள். ஆன்டிஆக்ஸிடன்ட் என்றால் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தச் சாற்றை விற்கிற கம்பெனியின் மீட்டிங்கில் தானியேல் சார் அழகாகச் சொல்வார். “உடம்பும் இரும்பு மாதிரிதான் தம்பி. மூச்சு விடுற காத்தே அதைத் துருப்பிடிக்க வைக்குது. அந்தத் துருவைச் சுரண்டுறதுதான் இந்தப் பழம்.” ஏதோ தீவுகளில் விளைகிற பழமாம். சர்க்கரை, பிரஷர், மூட்டு வலி எல்லாம் கேட்குமாம். குடித்துக் குணமானவர்கள் மேடையேறிச் சொன்னதை நான் கண்ணால் பார்த்தேன். ஒருவர் மாத்திரைப் பையைக் குப்பையில் போட்டதாகச் சொன்னார். ஹால் முழுக்கக் கை தட்டியது.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். நானும் இதில் சேர்ந்துவிட்டேன். எனக்குக் கீழே ஆட்கள் சேர்ந்தால் மூட்டை தூக்குகிற வேலையை விட்டுவிடலாம். டை கட்டக் கற்றுக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தால் எனக்கே யாரோ மாதிரி இருக்கிறது.

முதல் பாட்டில்களை அம்மாவுக்குத்தான் அனுப்பினேன், விற்கவில்லை. அடுத்த மாதம் ஊருக்கு வருகிறவர் மூலம் இன்னும் அனுப்புகிறேன். இதனோடு அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டு.

அண்ணன்,
நவாஸ்

•

உத்திரமேரூர்
25-4-2002

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அம்மாவின் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். “தொடர்ந்து குடித்தால் மாத்திரையே தேவைப்படாது” என்று நீங்கள் எழுதிய இடத்தில் நான் கொஞ்சம் நின்றேன். அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வரியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கலாம். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் அவர் என் வாயை நம்பித்தானே உட்கார்ந்திருக்கிறார்? படித்துவிட்டேன். மறுநாளிலிருந்து பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் அலமாரியில் அப்படியே கிடக்கின்றன.

தானியேல் சார் சொன்னதில் பாதி உண்மை, அண்ணா. அதனால்தான் பேசக் கஷ்டமாக இருக்கிறது. அத்தா கடையில் கொய்யாவை வெட்டி வைத்தால் சிறிது நேரத்தில் பழுப்பாகிறது அல்லவா? காற்றிலுள்ள ஆக்ஸிஜன் செய்கிற வேலை அது. அத்தா எலுமிச்சைச் சாறு தெளிப்பார், பழுப்பாவது தாமதப்படும். எலுமிச்சையிலுள்ள வைட்டமின் சி ஓர் ஆன்டிஆக்ஸிடன்ட். நம் உடம்பிலும் இப்படிப்பட்ட சேதம் நடந்துகொண்டே இருக்கிறது. உடம்பே அதைப் பெருமளவு சரிசெய்கிறது. பழமும் காய்கறியும் உதவுகின்றன. கொய்யா, நெல்லி, பப்பாளி, மாம்பழம் எல்லாவற்றிலும் அந்தச் சத்து இருக்கிறது. பழம் சாப்பிடுகிறவர்களுக்கு நல்லது என்று எங்கள் பாடப்புத்தகமே சொல்லும்.

ஆனால் சோதனைக் குழாயில் நடப்பதெல்லாம் உடம்பில் நடக்கும் என்று எங்கள் பேராசிரியர்கள் ஒருநாளும் சொன்னதில்லை. தேய்ந்த கிட்னியைத் திரும்ப வளர்க்கும் என்றும் சொன்னதில்லை. நீங்கள் குடித்தால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. அதே ஒரு மூடி அம்மாவுக்கு வேறு. லேபிளில் போடவில்லை என்பதற்காகப் பழத்தில் பொட்டாசியம் இல்லாமல் போகாது. எங்கள் லேபுக்கு வருகிற, இன்டர்நெட் வைத்திருக்கிற ஒரு டாக்டரிடம் கேட்டேன். இந்தச் சாற்றைக் குடித்த கிட்னி நோயாளிக்குப் பொட்டாசியம் ஏறியதாக வெளிநாட்டு மருத்துவ இதழில் வந்திருக்கிறதாம்.

நான் வீட்டில் சொல்லாமல் இல்லை. “நீ படிச்சது உன்னோட. எம்புள்ள எனக்கு அனுப்பிச்சது என்னோட” என்கிறார் அம்மா. அத்தா பள்ளிவாசலில் ஹஜ்ரத்திடம் சொல்லி, அவரும் வந்து பொறுமையாகப் பேசினார். “ஜம்ஜம் வேற, மேல தண்ணி பட்ட பாட்டிலு வேறம்மா.” அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டார். ஹஜ்ரத் தெருமுனை தாண்டியதும், “எம்புள்ள இன்னா நெனச்சி அனுப்பிச்சான்னு ஹஜ்ரத்துக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

கணுக்காலில் வீக்கம் இருக்கிறது. அழுத்தினால் விரல் பதிந்த குழி எழும்ப நேரமாகிறது. வேலைக்குப் போய், வந்து, சமைத்து, இதையே பேசிப் பேசி எனக்கும் அலுத்துவிட்டது.

நிறுத்தச் சொல்லி எழுதுங்கள். மாத்திரையைத் தொடரச் சொல்லுங்கள். இனிமேல் அனுப்பாதீர்கள்.

ஷப்ரீன்

•

ஜித்தா
17-5-2002

ஷப்ரீனுக்கு,

கடிதம் கிடைத்தது. மீட்டிங்குக்குக் கிளம்பும்போது கிடைத்ததால் பஸ்ஸில் படித்தேன். படித்திருக்க வேண்டாம். அன்றைக்கு நான் பேச வேண்டிய முறை. மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோயிற்று.

போன வெள்ளிக்கிழமை அம்மாவிடம் நேராகவே கேட்டேன். “எனக்கு இன்னாடா, குதிர மாதிரி கீறேன்” என்று சிரித்தார். குரலில் ஒன்றும் தெரியவில்லை. உனக்கு மட்டும்தான் எல்லாம் தெரிகிறது.

கோபமாகத்தான் எழுதுகிறேன். நான் பத்தாவதோடு பையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். நீ காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏறினாய். அதற்கு நான் ஒருநாளும் முகம் கோணியதில்லை. காலேஜ் போட்டோவை இங்கே எல்லோருக்கும் காட்டியிருக்கிறேன். ஆனால் நீ ரத்தம் எடுக்கிறவள், டாக்டர் இல்லை. இத்தனை வருடத்தில் நான் அம்மாவுக்கென்று அனுப்பிய ஒரு பொருளை அவர் இப்படிக் கொண்டாடியதே இல்லை. பெர்ஃப்யூம் அனுப்பினேன், யாருக்கோ கொடுத்தார். போர்வை அனுப்பினேன், பெட்டியில் பூட்டினார். இதைத்தான் தினமும் எடுத்துக் குடிக்கிறார். அதையும் விஷம் என்று சொல்லி என்னையே நிறுத்தச் சொல்கிறாய்.

ஊருக்கு வருகிற முத்துகிருஷ்ணனிடம் இரண்டு பாட்டில் கொடுத்துவிட்டேன். உன் கடிதம் வருவதற்கு முன்பே கொடுத்தது. திரும்ப வாங்க மாட்டேன்.

நவாஸ்

•

உத்திரமேரூர்
9-6-2002

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அம்மா இப்போது வீட்டில் இருக்கிறார். அதை முதலில் எழுதிவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

முத்துகிருஷ்ணன் அண்ணன் வந்து பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போன அடுத்த வாரம், அம்மாவால் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. காலைத் தூக்கினால் கால் வரவில்லை. நாடியைப் பிடித்தேன். விட்டு விட்டு, மெதுவாக அடித்தது. அத்தா கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு ஓடிவந்தார். வண்டி பிடித்து, சாலவாக்கம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் போனோம். வழியெல்லாம் அத்தா அம்மாவின் காலைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் இதயத்துக்கு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்ததும் டாக்டர் அவசரப்பட்டார். “பொட்டாசியம் ரொம்ப ஏறியிருக்கு. இன்னாம்மா சாப்பிட்டீங்க? எளனி, பழச்சாறு, நாட்டு மருந்து ஏதாவது?”

அம்மா தலையை ஆட்டினார். “ஒண்ணும் இல்ல சார். கஞ்சிதான்.”

டாக்டர் மறுபடி கேட்டார். மறுபடியும், “கஞ்சிதான் சார்.”

கிளம்பும்போதே பழைய பாட்டிலை என் பையில் போட்டிருந்தேன். எடுத்து மேசையில் வைத்தேன். மாத்திரையை நிறுத்தியதையும் சொன்னேன். டாக்டர் முகர்ந்து பார்த்தார். “இது யார் கொடுத்தது?” என்று சத்தமாகக் கேட்டார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் திரும்பினார்கள். அத்தாதான், “பையன் சார். சவுதில கீறான். நல்லதுன்னு நெனச்சி அனுப்பிச்சான்” என்றார். ஊசி போட்டார்கள். விடிவதற்குள் நாடி சரியானது.

அம்மா கண் திறந்ததும் என்னைத்தான் பார்த்தார்.

“காட்டிக் குடுத்துட்ட இல்ல? அத்தினி பேர் எதுருல எம்புள்ள பேர நாறடிச்சிட்ட இல்ல?”

அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். அதற்கப்புறம் ஒரு வார்த்தை இல்லை. என் கையால் கஞ்சி வாங்கிக் குடிக்கிறார், முகத்தைப் பார்ப்பதில்லை. வேண்டியதை அத்தாவிடம் சொல்வார். “அவள தண்ணி கொண்டாரச் சொல்லு.” நான் அங்கேயே நின்றிருப்பேன். அத்தா பாவம், என்னைப் பார்த்து அதையே திரும்பச் சொல்வார்.

டாக்டர் கண்டிப்பாகச் சொல்லித்தான் அனுப்பினார். இனி ஒருமுறை இப்படி ஏறினால் இதயம் நின்றுவிடலாம். மாத்திரைகளைத் திரும்பச் சாப்பிடுகிறார். அதில் அத்தா விடவில்லை. ஆனால் புது பாட்டில்கள் அலமாரியில் பூட்டியிருக்கின்றன, சாவி அம்மாவின் இடுப்பில். நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. சமையலறையிலிருந்து ஓடினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு, கிப்லாவைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். மூடி காலியாக இருந்தது.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபப்படுகிற அளவுக்குத் தெம்பும் இல்லை.

ஷப்ரீன்

•

ஜித்தா
28-6-2002

ஷப்ரீன்,

இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை போன் செய்தேன். அத்தாதான் எடுத்தார். அம்மாவால் ஜவுளிக்கடை வரை நடக்க முடியவில்லை என்றார். “நீ ஒயுங்கா சாப்டுறியா?” என்று மட்டும் கேட்டார்.

மீட்டிங்குக்குப் போவதை நிறுத்திவிட்டேன். தானியேல் சார் அறைக்கே வந்தார். அம்மாவுக்கு நடந்ததைச் சொன்னேன். “அது உடம்புல இருந்த கெட்டது வெளியே வர்றது தம்பி, பயப்படக்கூடாது” என்றார். போன மாதம் யாராவது என்னிடம் கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அம்மா டாக்டரிடம் கஞ்சிதான் என்று சொன்னாரா? எனக்காகவா?

நிறுத்தச் சொல்லி அம்மாவுக்குக் கடிதம் வைத்திருக்கிறேன். படித்துக் காட்டு. முன்பு நான் எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதே. லீவு கேட்டேன், முதலாளி ரமலானுக்கு அப்புறம்தான் என்கிறார். வேறு நான் என்ன செய்ய வேண்டும் என்று நீயே சொல். சொல்வதைச் செய்கிறேன்.

அண்ணன்

•

உத்திரமேரூர்
20-7-2002

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கேட்டார். “அந்த ஜூஸை விட்டுவிடுங்கள் அம்மா” என்ற வரி வந்ததும் அத்தாவைக் கூப்பிட்டார்.

“இது அவன் எய்துனது இல்ல. இவளே சொல்லிக்கிறா. இல்லன்னா அவன்கிட்ட எய்தி வாங்கிக்கிறா. எம்புள்ள எனக்கு ஒண்ணக் குடுத்துட்டு வேணாம்னு சொல்ற ஆளா?”

அத்தா கடிதத்தை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். “அவன் கையெய்த்துதாம்மா” என்றார். “உனக்கும் அவ சொன்னாத்தான் வேதம்” என்று அம்மா சொல்லிவிட்டார். எழுதியதை யார் படித்தாலும் அது என் வாயாகத்தான் அம்மாவுக்குக் கேட்கிறது. அலமாரிச் சாவியை நான் பிடுங்கலாம். கட்டிலில் கிடக்கிறவரின் இடுப்பிலிருந்து பிடுங்க எனக்குக் கை வரவில்லை. அத்தாவுக்கும் வரவில்லை. பிடுங்கினாலும், இன்னொருவர் ஜித்தாவிலிருந்து வந்து இன்னொரு பாட்டிலை நீட்டினால் வாங்கிக் குடிப்பார்.

நேற்று மறுபடி ரத்தம் பார்த்தேன். பொட்டாசியம் ஏறத் தொடங்கியிருக்கிறது. ரமலான் வரை காத்திருக்க முடியாது.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். ஒரு கேசட்டில் பேசி அனுப்புங்கள். பக்கத்துத் தெருவில் பவளம் அக்கா வீட்டுக்காரர் குவைத்திலிருந்து அப்படித்தான் பேசி அனுப்புவார். நம் வீட்டு டேப்ரிக்கார்டர் ஓடுகிறது. அத்தாவே போட்டுக் காட்டுவார், நான் அந்த அறையில் இருக்க மாட்டேன்.

பொட்டாசியம், கிட்னி என்றெல்லாம் சொல்ல வேண்டாம். கம்பெனியைத் திட்டவும் வேண்டாம். அழாதீர்கள். அழுதால் உங்களைத் தேற்றுவதற்காகவே இன்னொரு மூடி குடிப்பார். சாதாரணமாக, இங்கே இருக்கும்போது பேசுவீர்களே, அப்படிப் பேசுங்கள். “அம்மா, அது நான் கடையில வாங்குன பழரசம். நல்ல பழந்தான், ஆனா உங்க உடம்புக்கு ஒத்துக்காது. கேன் மூடிய நான்தான் சரியா திருகல, அதான் தண்ணி கொட்டிப் பாட்டிலு மேல பட்டுது. பாட்டில்ல கீறது ஜம்ஜம் இல்ல. உள்ள கீறத எல்லாம் கொட்டிடுங்க, நான் சொல்றேன்.” இதைச் சொன்னால் போதும். கேனில் மிச்சமிருக்கிற ஜம்ஜமை அலமாரியில் அந்த இடத்திலேயே வைத்து, டாக்டர் சொன்ன தண்ணீர் அளவுக்குள் ஒரு மிடறு குடிக்கச் சொல்லுங்கள். கையை வெறுமையாக விட்டால் தாங்க மாட்டார்.

கொட்டச் சொன்னது நீங்கள் என்று அவருக்குப் புரிந்தால், அன்றைக்கே கொட்டிவிடுவார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

இவ்வளவுதான் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். லேபில் எல்லோரும் போய்விட்டார்கள். தாமோதரன் சார் பூட்டுவதற்காக வெளியே நிற்கிறார். நீங்கள் கேட்காததை எழுதுகிறேன், தவறாக எண்ணாதீர்கள். காலையில் அம்மாவுக்குத் தலை வாரிவிடுகிறேன். சிக்கு எடுக்கும்போது வலித்தால்கூட “ஸ்” என்று ஒரு சத்தம் இல்லை. ஆஸ்பத்திரியில் பையைத் திறந்ததற்காக நான் வருத்தப்படவில்லை, இன்னொரு முறை என்றாலும் திறப்பேன். ஆனால் இந்த வீட்டில் நாள் முழுக்க அத்தாவின் வாய்வழியாகவே இருப்பது எனக்கு முடியவில்லை.

கேசட்டின் கடைசியில் இடம் இருந்தால், “ஷப்ரீன்கிட்ட பேசுங்கம்மா” என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

தங்கை,
ஷப்ரீன்